பன்னிரண்டாம் வரிசை

நவம்பர் 6, திங்கள்

பாளையங்கோட்டை. ரயிலை விட்டு இறங்கும்போதே தூறல். "நாலு நாள் வேலைதான் ராயப்பன், தீபாவளிக்கு வீட்ல இருப்பீங்க" என்று மேலாளர் கிருபாகரன் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்ன நாலு நாள் எதுவும் இதுவரை நாலு நாளில் முடிந்ததில்லை. லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன்.

ஒரு டிரஸ்ட் நடத்தும் கூடம். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ரத்தத்தை ஒரு அட்டையில் சொட்டவிட்டுக் காயவைத்து, சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளிலிருந்து இங்கே அனுப்புகிறார்கள். தைராய்டு சுரப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனையில் தெரிந்துவிட்டால் தினம் ஒரு சின்ன மாத்திரை போதும், பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். தெரியாமல் விட்டால் மூளை வளர வேண்டிய காலத்தில் வளராது. ஒவ்வொரு வாரமும் கணக்கு.

எங்கள் கம்பெனி விற்ற ரோபோ இங்கே நிற்கிறது. ஒரு கை, அதில் எட்டு மூக்கு. மருந்தை உறிஞ்சிக்கொண்டு போய், உள்ளங்கை அகலத் தட்டில் இருக்கும் தொண்ணூற்றாறு குழிகளில் எட்டெட்டாகப் பன்னிரண்டு வரிசைக்கு ஊற்றும். எல்லாக் குழியிலும் ஒரே அளவு விழ வேண்டும். அதை விழவைப்பதுதான் என் பிழைப்பு. குனிந்து குனிந்து நிமிர்வதால் இங்கே அதற்குக் கொக்கு என்று பெயர்.

கூடத்தின் தலைவர் டாக்டர் வள்ளிநாயகி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். காபி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, மிஸ்டர் ராயப்பன். கடைசி வரிசையில வர்ற பிள்ளைகளுக்கு மட்டும் எண் கம்மியா வருது. எந்த ஊர் அட்டைய அங்க வச்சாலும் அப்படித்தான். வரிசைக்கு வரிசை ரத்தம் மாறுமா?"

மாறாது. இங்கே அளப்பது தைராய்டைத் தூண்டும் சுரப்பை, அதனால் இந்த நோயில் எண் கூடினால்தான் ஆபத்து. குழியில் மருந்து குறைந்தால் நிறம் குறையும், நிறம் குறைந்தால் எண் குறையும், எண் குறைந்தால் நோயுள்ள குழந்தையும் 'நார்மல்' என்று வெளியே போய்விடும். அவருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். காபியை முடித்துவிட்டுக் கொக்கைப் பார்க்கப் போனோம்.

மாலையில் வீட்டுக்குப் பேசினேன். அமலிக்கு மாத்திரை கொடுத்தாயா என்று மனைவி லூர்துவைக் கேட்டேன். "பதினோரு வருஷமா குடுக்கறேன், இன்னிக்கு மறந்துடுவேனா?" என்று சிரித்தாள்.

நவம்பர் 7, செவ்வாய்

முதல் வேலையாகத் தண்ணீர்ச் சோதனை. லட்டுக்குப் போடும் மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கரைத்து, கொக்கைத் தட்டு முழுக்க ஊற்றச் சொல்லி, நிறத்தை அளக்கும் கருவியில் வைத்தால் எந்தக் குழியில் எவ்வளவு விழுந்தது என்று தெரிந்துவிடும். எங்கள் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும் முறை இதுதான். பன்னிரண்டு வரிசையும் கோடு போட்ட மாதிரி ஒன்றாக இருந்தன. மூன்று தட்டு ஊற்றினேன், மூன்றும் அப்படியே.

கிருபாகரனுக்குச் சொன்னேன். "அப்புறம் என்ன? மெஷின் ஓகேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அவங்க அட்டையில ஏதாவது கோளாறா இருக்கும்."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொக்கை ஓட்டுபவர் சண்முகக்கனி என்ற பெண் டெக்னீஷியன். முப்பத்தைந்து வயது, வாய் ஓயாது. இன்று நான் தண்ணீர் ஊற்றிய மூன்று தடவையும் அவர் வாயே திறக்கவில்லை.

நவம்பர் 8, புதன்

அசல் மருந்தில் ஒரே ஒரு தட்டு ஊற்றிப் பார்க்க டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். மருந்துக் கிட்டுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. ஊற்றினேன். பதினோரு வரிசை சரி. பன்னிரண்டாவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. புரோகிராமைத் திறந்தேன். பன்னிரண்டு வரிசைக்கும் வேண்டியதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்ச வேண்டிய இடத்தில் பூஜ்யம் நின்றது.

"நாங்கதான் சார் நிப்பாட்டுனோம்" என்றார் சண்முகக்கனி, நான் கேட்பதற்கு முன்பே. "பன்னெண்டு வரிசைக்கும் ஊத்திட்டு மூக்குல மிச்சம் வச்சிருக்கும்லா, அதக் கொண்டு போயி கழிவுத் தொட்டியில கொட்டும். ஒவ்வொரு தட்டுக்கும். பாக்கப் பாக்க வயிறு எரியும். கிட்டு வராம கெடக்கு, நாலாபக்கமிருந்தும் பிள்ளையளுக்க அட்ட வந்து குமிஞ்சு கெடக்கு, இது என்னடான்னா தொட்டியில கொட்டுது. அதான் ஆகஸ்டுல மிச்சம் எடுக்காண்டாம்னு வச்சோம். டாக்டரம்மாவும் சரின்னாவ."

"அப்புறம் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பமா? ஒங்க புத்தகத்துல போட்டிருக்கபடி மஞ்சத்தண்ணி ஊத்தித்தான் பாத்தோம். பன்னெண்டும் ஒண்ணா இருந்துச்சு."

இருக்கத்தான் செய்யும். தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். மருந்தில் புரதமும் சோப்பும் கலந்திருக்கிறது, கெட்டி. மூக்கின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். அப்படி ஒட்டுகிற அளவை ஈடுகட்டத்தான் அந்த மிச்சம். அதை நிறுத்தினால் கடைசியில் நிற்பவனுக்குக் குறையும். பந்தியில் கடைசி இலைக்குக் குழம்பு போதாமல் போவது போலத்தான்.

மிச்சம் பிடித்த மருந்தைக்கொண்டு இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளின் குழந்தைகளைக் கூடுதலாகச் சோதித்திருக்கிறார்கள். யாரைப் போய்த் திட்டுவது?

"அப்ப இத்தன நாளா அந்த வரிசையில வந்த பிள்ளையளு சார்?" என்று கேட்டார். அது டாக்டரின் வேலை, நான் மெஷினுக்கு வந்தவன் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். மழை விட்டிருந்தது.

நவம்பர் 9, வியாழன்

பள்ளியில் அமலிக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லித்தருகிறார்களாம். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் பிடிபட்டுவிட்டது என்று டீச்சர் சொன்னாராம். கெட்டிக்காரி.

மதியம் லூர்துவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அமலியின் மாத்திரை தீரப்போகிறது, பழைய அளவே வாங்கு, வெறும் வயிற்றில் போட்டு அரை மணி கழித்துத்தான் பால் என்று பள்ளிச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகும் டீச்சரிடம் சொல்லிவிடு என்றேன். திரும்பினால் சண்முகக்கனி கையில் டப்பாவோடு நிற்கிறார். இந்த வேலையில் இருப்பவருக்கு வெறும் வயிற்று மாத்திரை எதற்கென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

"யாருக்கு சார்?"

"மகளுக்கு."

"எப்பக் கண்டுபிடிச்சாவ?"

டப்பாவில் என்ன என்று கேட்டேன். கூட்டாஞ்சோறு. நன்றாக இருந்தது.

நவம்பர் 10, வெள்ளி

டாக்டரிடம் சண்டை போட்டுவிட்டேன். எனக்கென்ன வந்தது என்று இரண்டு நாளாக என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தவன் காலையில் கதவைத் தட்டாமலே அவர் அறைக்குள் போயிருந்தேன்.

பழைய அட்டைகள் எல்லாம் குளிர்பெட்டியில் இருக்கின்றன. ஆகஸ்டிலிருந்து பன்னிரண்டாம் வரிசையில் வைத்த அட்டைகளைத் தனியே எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும், அதுவும் இப்போதே என்றேன்.

"கிட்டுக்கு எங்க போக?" என்றார். "இருக்கிறது தினசரி வர்ற அட்டைக்கே பத்தாது. அடுத்த லோடு மாசக் கடைசி."

"மாசக் கடைசியில அந்தக் குழந்தைக்கு என்ன வயசாகும், டாக்டர்?"

"எந்தக் குழந்தைக்கு? ஆயிரத்துல ஒண்ணுக்குத்தான் இந்த நோய். அந்த வரிசையில போனது அறுநூத்திச் சொச்சம் அட்டை. அப்படி ஒரு குழந்தை இல்லாமலேகூட இருக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் இங்க வந்தப்ப ஒரு தாயும் சம்மதிக்கல. பச்சப்பிள்ளை கால்ல ஊசி குத்துதாளேன்னு வாசல்லயே நிப்பாட்டிட்டாங்க. ஊர் ஊராப் போய்ப் பேசிப் பேசித்தான் இத்தன அட்டை வருது. இந்தக் கூடம் தப்பாச் சொல்லுதுன்னு ஒரு பேச்சு கெளம்பிட்டா, அடுத்த வருஷம் எத்தன பிள்ளை தவறிப்போகும்னு நினைச்சுப் பாத்தீங்களா?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அந்த ஆயிரத்துல ஒண்ணு பொறந்த வீட்ல நீங்க இருந்ததில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெரிய படிப்புப் படித்த அம்மாளிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

நவம்பர் 11, சனி

டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். போனதும் உட்காரச் சொன்னார்.

"பேர் என்ன?"

"யார் பேரு?"

"ஒங்க மக பேரு. கனி சொன்னா."

"அமலி."

போனை எடுத்து மதுரையில் இதே சோதனை செய்யும் ஒரு கூடத்தின் தலைவரை அழைத்தார். இரண்டு பேருக்கும் நெடுநாளாகப் போட்டி என்று கனி முன்பே சொல்லியிருந்தார். "எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துபோச்சு. எங்க தப்புதான். எனக்குக் கிட்டு கடனா வேணும், உடனே வேணும்" என்று என் எதிரிலேயே சொன்னார். அந்தப் பக்கம் பேசியது கேட்கவில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். "தீபாவளி கழிஞ்சு புதன்கிழமை கிட்டு வருது. அதுக்குள்ள கொக்கு ஒழுங்கா ஊத்தணும். மிச்சத்த மறுபடி வச்சா மட்டும் போதாது, தொண்ணூத்தாறு குழியும் ஒண்ணா இருக்கான்னு எனக்குக் காட்டணும். வர்ற கிட்டுல வெள்ளோட்டத்துக்குன்னு ஒரு சொட்டுத் தர மாட்டேன்."

மருந்து இல்லாமல் மருந்துக்கு மெஷினைச் சரிபண்ண வேண்டும். தண்ணீரை இனி நான் நம்பப்போவதில்லை. கனிதான் ஃப்ரிட்ஜின் அடித்தட்டைத் திறந்து காட்டினார். காலாவதியான பாட்டில்கள், எறிய மனசு வராமல் சேர்த்துவைத்தவை. சோதனைக்கு உதவாது, ஆனால் அதே கெட்டி, அதே ஒட்டல். அதில் மஞ்சள் பொடியைக் கலந்தால் போதும். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரைக் கனியம்மா என்று கூப்பிட்டுவிட்டேன்.

லூர்துவிடம் தீபாவளிக்கு வரவில்லை என்றேன். நமக்கென்ன தீபாவளி என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மத்தாப்பு கொளுத்த அமலி என்னை எதிர்பார்த்திருப்பாள் என்பதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

ஊர் முழுக்க வெடி. கூடத்தில் நானும் வாட்ச்மேனும் கொக்கும். பதினோரு மணிக்குக் கனி எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு ஒரு சட்டி அதிரசம் கொண்டுவந்தார். "வீட்டுல தங்கச்சியும் மாப்ளையும் வந்துருக்காவ. போட்டது போட்டபடி வந்துட்டேன், ஏசுவாவ" என்று சொல்லிக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டார்.

மிச்சத்தைத் திரும்ப வைத்தேன். பன்னிரண்டாம் வரிசை நிமிர்ந்தது, ஆனால் தட்டு முழுக்கப் புதிதாக மேடு பள்ளம். உறிஞ்சும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். உறிஞ்சியதும் கொஞ்சம் நின்று போகச் சொன்னேன், கெட்டித் திரவம் மெதுவாகத்தான் ஏறும். ஊற்றி முடிந்ததும் மூக்கு நுனியைக் குழியின் சுவரில் லேசாகத் தொட்டுவிட்டு எழச் சொன்னேன், தொங்குகிற சொட்டு அங்கேயே விழட்டும் என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. ஒன்றைச் சரிபண்ணினால் இன்னொன்று கெடுகிறது. ஐந்தாவது மூக்குக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. பாட்டில் பாதி காலி.

நவம்பர் 13, திங்கள்

ஐந்தாவது மூக்கு ஒழுகுகிறது. நாள் முழுக்க அதோடு போயிற்று.

நவம்பர் 14, செவ்வாய்

ஒழுகலுக்குக் காரணம் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், மயிரிழை அளவு வெடிப்பு, இந்த இரண்டு நாள் ஓட்டத்தில் விழுந்தது. என் பையிலிருந்த மாற்று வளையத்தைப் போட்டேன். பத்து மணிக்கு ஒரு தட்டு, பன்னிரண்டுக்கு ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று. தொண்ணூற்றாறு குழியும் ஒன்று. எங்கே வைத்தாலும் எந்தக் குழந்தைக்கும் ஒரே அளவு. கனி காகிதத்தை வாங்கி இரண்டு தடவை பார்த்துவிட்டு டாக்டரிடம் ஓடினார். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், ஒரு தட்டின் காகிதத்துக்கு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

கிருபாகரன் அழைத்தார். "ரிப்போர்ட்ல என்ன எழுதப்போறீங்க?"

"நடந்தத எழுதுவேன் சார்."

"அவங்க செட்டிங்க மாத்தினாங்கன்னு எழுதுங்க, போதும். நம்ம புத்தகத்துல தண்ணி போட்டிருக்குன்னெல்லாம் எழுதாதீங்க. இந்த மெஷின் வேற எத்தனை ஊர்ல ஓடுதுன்னு தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் அதை முதல் வரியாக எழுதினேன்.

நவம்பர் 15, புதன்

கிட் வந்தது. அட்டைகளை அடுக்கினோம். என் வேலை முடிந்துவிட்டது, ரயிலுக்கு டிக்கெட் போடலாம். போடவில்லை.

நவம்பர் 16, வியாழன்

நேற்று மதியத்திலிருந்து தட்டு தட்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கொக்கின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அது குனிவதையும் நிமிர்வதையும் பார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஒவ்வொரு தட்டின் எண்களும் வரும்போது டாக்டர் அறையை விட்டு எழுந்து வருகிறார். எல்லாம் நார்மல். எல்லாம் நார்மல். கனி சாமி படத்துக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னார். நானும் மனசுக்குள் அதே வேலையாகத்தான் இருந்தேன், வேறு சாமி.

கடைசிக்கு முந்தின தட்டில் ஒரு குழி, மற்ற எல்லாவற்றையும் விட மஞ்சள். கருவி சொல்வதற்கு முன் கண்ணுக்கே தெரிந்தது. கனி வாயைப் பொத்திக்கொண்டார். பெண் குழந்தை. பிறந்து பதினோரு வாரம். முதல் தடவை இதே அட்டைக்கு எல்லைக்குச் சற்றே உள்ளே எண் வந்திருக்கிறது.

நவம்பர் 17, வெள்ளி

மறுபடி சோதித்தார்கள். அதே எண்.

நவம்பர் 18, சனி

"நாளைக்கு ரயில்தானே? இன்னைக்கு என்கூட வாங்க" என்று டாக்டர் கூப்பிட்டார். நான் எதற்கு என்று கேட்டேன். "எதுக்குன்னு எனக்கும் தெரியல. வாங்க" என்றார்.

கடையத்துக்கு மேற்கே ஒரு ஊர். பெயர் எழுத வேண்டாம். வாசலில் லோடு வேன் நின்றது. வேன் ஓட்டுபவர்தான் அப்பா, பேச்சிமுத்து. அம்மா இசக்கிலட்சுமிக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. குழந்தை தொட்டிலில் தூங்கியது. முகம் லேசாக ஊதி, நாக்கு உதட்டுக்கு வெளியே எட்டிப்பார்த்தது. இந்த முகம் எனக்குத் தெரியும்.

"பிள்ளை எப்படி இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"தங்கம் மேடம்" என்றாள் இசக்கிலட்சுமி. "அழவே மாட்டா. பால் குடிக்கதுக்குக்கூட நாமதான் எழுப்பணும். இப்படி ஒரு பிள்ளை கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு தெருவே சொல்லுது."

டாக்டர் தரையில் அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். குழந்தைக்கு என்ன நோய், மாத்திரை ஏன், இத்தனை நாள் தெரியாமல் போனது ஏன். "எங்க கூடத்துல நடந்த தப்பு, தாயி. மருந்த மிச்சம் பிடிக்கப் பாத்து நாங்க செஞ்ச தப்பு. ஒன் பிள்ளைக்குப் போன நாளுக்கு நான்தான் பொறுப்பு. ஆனா இன்னைக்கே ஆரம்பிச்சா நல்லா வருவா."

பேச்சிமுத்து பையிலிருந்து போனை எடுத்து ஒரு மெசேஜைக் காட்டினார். "இது நீங்க அனுப்புனதுதானே? பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லன்னு போட்டிருக்கு. இன்னைக்கு வந்து நோயிங்கிய. அன்னைக்குச் சொன்னது பொய்யின்னா இன்னைக்குச் சொல்லுதது மட்டும் நெசமா?"

"ரத்தம் எடுத்துக்கிடுதேன், பெரிய ஆஸ்பத்திரியிலயும் குடுத்துப் பாருங்க. அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், மாத்திரைய—"

"வேண்டாம் மேடம். அழாம கொள்ளாம நல்லாருக்க பிள்ளை. தப்புப் பண்ணுனவங்க குடுக்க மாத்திரைய அது வாயில வைக்க முடியாது. இவரு யாரு?"

"மெஷின்காரர்" என்றார் டாக்டர்.

"ஒங்க மெஷின்தானா அது?" என்று என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. எத வச்சு நம்ப?"

என் பையில் அந்தத் தட்டின் காகிதம் இருந்தது. தொண்ணூற்றாறு எண், எல்லாம் ஒன்று. அதை எடுத்துக் காட்டி என்ன ஆகப்போகிறது?

அமலியை யாருக்கும் எடுத்துக்காட்டாகக் காட்டுவதில்லை என்று லூர்துவும் நானும் எப்போதோ முடிவுசெய்திருந்தோம். கல்யாணவீட்டில் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்களே என்று பல கல்யாணங்களுக்கே நாங்கள் போனதில்லை. நான் போனை எடுத்து வீட்டுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். அமலிதான் எடுத்தாள்.

"அப்பா! சாப்ட்டியா?" என்று அவள் பாணியில் இழுத்து இழுத்துக் கேட்டாள். வார்த்தை ஒவ்வொன்றும் நாக்கை இடித்துக்கொண்டுதான் வரும். போனைத் தொட்டில் பக்கம் திருப்பினேன்.

"ஐ! பாப்பா! அம்மா, ஓடி வா, அப்பா பாப்பா காட்டுது!" கை தட்டினாள். "பாப்பா பேரு என்னா?"

இசக்கிலட்சுமி எழுந்து பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தாள். "இன்னும் வைக்கலம்மா."

"அமலின்னு வைங்க. நல்ல பேரு."

இசக்கிலட்சுமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டாள். "என்ன வயசு சார்?"

"பதினாலு. ஒங்க பிள்ளைக்கு இருக்கிற அதே நோய்தான். இவ பொறந்தப்ப எங்க ஊர்ல இந்தச் சோதனை கிடையாது. இவளும் அழாம இருந்தா, நாங்களும் நல்ல பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டோம். ரெண்டரை வயசுலதான் மாத்திரை குடுக்க ஆரம்பிச்சோம்."

அமலி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழைப்பைத் துண்டித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பேச்சிமுத்து என் பக்கம் ஓரடி வந்து திரையைப் பார்த்தார். இசக்கிலட்சுமி அவர் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு தலையைப் பிடித்தாள்.

"குடுங்க மேடம்."

டாக்டர் மாத்திரையை நசுக்கி ஸ்பூனில் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்தார். பிள்ளை தூக்கம் கலையாமலே விழுங்கியது.

"தேங்க்ஸ்ப்பா, பாப்பா காட்டினியே" என்றாள் அமலி போனிலிருந்து. அவளைக் காட்டி ஒரு தாயைப் பயமுறுத்தியிருக்கிறேன், அவள் எனக்கு நன்றி சொல்கிறாள். வேன் நின்ற வாசலுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். பேச்சிமுத்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

மாலையில் லாட்ஜிலிருந்து லூர்துவைக் கூப்பிட்டேன். எதற்காக அழைத்தேன், அமலி எதிரில் என்ன சொன்னேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"குடிச்சுதா?" என்று கேட்டாள்.

"குடிச்சிடுச்சு."

"நாளைக்கும் அதே நேரத்துக்குக் குடுக்கணும்னு சொன்னீங்களா? ஒருநாள்கூட விடக்கூடாதுன்னு?"

"டாக்டர் சொன்னாங்க."

"டாக்டர் சொல்வாங்க. துப்பிடுச்சுன்னா என்ன பண்றது, ஜுரம் வந்தா குடுக்கலாமா, ஊருக்குப் போனா எப்படி, அதெல்லாம் அந்தப் பொண்ணு யாரைக் கேட்கும்? நம்பர் வாங்கி அனுப்புங்க."

டாக்டரிடம் கேட்டு வாங்கி அனுப்பினேன். அரை மணி நேரமாக லூர்துவின் லைன் பிஸியாகவே இருக்கிறது.